பழைய சைக்கிளின் துருவை நீக்கும்போது ஒரிஜினல் பெயிண்டைக் காப்பது எப்படி?

உங்கள் தாத்தா ஓட்டிய, 1950களைச் சேர்ந்த கறுப்பு ஹெர்குலிஸ் சைக்கிள் இப்போது உங்களிடம் வந்திருக்கிறது. மட்கார்டுகளிலும் செயின் கவரிலும் ஹேண்டில்பாரிலும் துரு ஏறியிருந்தாலும், பொன்னிறக் கோடுகளும் பெயர் எழுத்துகளும் பாதிக்கு மேல் அப்படியே இருக்கின்றன என்கிறீர்கள். பட்டறையில் மணல் அடித்துப் பவுடர் கோட்டிங் செய்துவிடலாம் என்று சொன்னார்களாம். அதைத் தவிர்த்து, இருக்கும் பெயிண்டைக் காப்பாற்றிக்கொண்டு துருவை மட்டும் எடுக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. முடியும். ஆனால் தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: துரு முழுவதும் போக வேண்டும், பெயிண்ட் முழுவதும் இருக்க வேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் ஒரே பாகத்தில் நிறைவேறுவது அரிது. பல இடங்களில் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் துருதான் அந்தப் பெயிண்டை இரும்போடு பிடித்துவைத்திருக்கிறது. அந்தத் துருவைக் கரைத்தால் மேலே இருக்கும் பெயிண்டும் கையோடு வந்துவிடும். எந்தத் துருவை எடுப்பது, எந்தத் துருவை அப்படியே அடக்கி வைப்பது என்று இடத்துக்கு இடம் பார்த்து முடிவு செய்வதுதான் இதில் முக்கியமான வேலை.

முதலில் நீங்கள் காப்பாற்ற நினைக்கும் பெயிண்டைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் வண்டி இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்து வந்ததாக இருக்கலாம். 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும் அந்தக் கறுப்பு, சூளையில் வைத்துச் சுட்டு இறுக்கிய எனாமல். அது கடினமானது, மண்ணெண்ணெயும் மெஷின் ஆயிலும் பட்டால் எளிதில் அசையாது. ஆனால் 60, 70 வருடங்களில் நெகிழ்வை இழந்து, அடிபட்டால் சில்லாகத் தெறிக்கும் நிலைக்கு வந்திருக்கும். அதன் மேல் இருக்கும் கோடுகளின் கதை வேறு. அவை மெல்லிய தூரிகையால் கையால் இழுத்தவை. பல சைக்கிள்களில் அந்தப் பொன்னிறம் பித்தளைத் தூள் கலந்த வண்ணம்தான் என்பதால், அமிலம் பட்டால் கறுத்துவிடும் அல்லது கரைந்துவிடும். பெயர் எழுத்துகள், காகிதத்தில் அச்சிட்டதை வண்டியின் மேல் மாற்றி ஒட்டும் டிரான்ஸ்ஃபர் முறையில் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசியவை. இவை எல்லாவற்றிலும் பலவீனமானவை. ஆகவே ஒரே மட்கார்டில் கறுப்பு எனாமல் தாங்குவதைக் கோடு தாங்காது, கோடு தாங்குவதை எழுத்து தாங்காது. எந்த மருந்தை எடுத்தாலும் இந்த மூன்றில் எது அருகில் இருக்கிறது என்று பார்த்துவிட்டே தொட வேண்டும்.

அடுத்து துருவைப் பாருங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச் விளக்கை மட்கார்டின் மேல் நேராக அடிக்காமல், பக்கவாட்டில் தாழப் பிடித்து, ஒளி மேற்பரப்பை உரசிக்கொண்டு போகும்படி செய்தால், நேர் வெளிச்சத்தில் ஒரே பழுப்பாகத் தெரிந்தது மூன்றாகப் பிரிந்து தெரியும். சில இடங்களில் பெயிண்ட் வழுவழுப்பாகவே இருக்கும், நட்டிலிருந்தோ மட்கார்டைத் தாங்கும் ஸ்டே கம்பியிலிருந்தோ வடிந்த துரு நீர் அதன் மேல் கறையாகப் படிந்திருக்கும். இது வெறும் கறை, அடியில் பெயிண்ட் முழுதாக இருக்கிறது. சில இடங்களில் குண்டூசித் தலை அளவிலிருந்து மிளகு அளவு வரை பெயிண்ட் போய், இரும்பு வெளியே தெரிந்து அதில் துரு பூத்திருக்கும். மூன்றாவது வகையில் பெயிண்ட் போகவில்லை, ஆனால் மேடாக எழும்பியிருக்கும். நிழல் விழுவதைப் பார்த்தால் தெரியும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் பல மடங்கு அதிகம் வேண்டும் என்பதால், அடியில் பரவும் துரு பெயிண்டை மேலே தள்ளிக்கொண்டே போகிறது. மரக் குச்சியால் மெதுவாகத் தட்டினால் இந்த இடங்களில் மட்டும் உள்ளே வெற்றிடம் இருப்பது போல் சத்தம் கேட்கும். மட்கார்டின் கீழ் நுனி, ஸ்டே கம்பி சேரும் இடம், செயின் கவரின் அடிவிளிம்பு ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை இருக்கும். சாக்பீஸால் அவற்றைச் சுற்றி லேசாக வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரவம் எடுக்கும்போது அந்த வட்டங்களுக்குள் போகக்கூடாது.

கழுவும் வேலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பு நீரைச் சில துளிகள் தண்ணீரில் விட்டு, பெயிண்ட் அடிக்கும் மென்மயிர்த் தூரிகையால் தூசியை நனைத்து எடுக்க வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் வாஷ் வேண்டவே வேண்டாம். எழும்பி நிற்கும் பெயிண்டின் விளிம்பை அது பிய்த்துக்கொண்டு போய்விடும், ஹப்புக்குள்ளும் தண்ணீர் இறக்கும். கிராங்க் பகுதியைச் சுற்றியும் செயின் ஓடும் பக்கத்துக் கம்பிகளிலும் பல வருட எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கருங்கல்லாக இறுகியிருக்கும். அதைச் சுரண்டாமல், மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை ஒரு மணி நேரம் வைத்து ஊறவிட்டு, மூங்கில் சீவலால் தள்ளுங்கள். இந்த அழுக்குக்கு அடியில்தான் வண்டியிலேயே மிக நல்ல பெயிண்ட் இருக்கும். காற்றும் ஈரமும் படாமல் எண்ணெய் அதைக் காத்திருக்கும். முதல் முறை கழுவியவர்கள் பலர் இந்த இடத்தில் 1950களின் பளபளப்பு அப்படியே வெளிப்படுவதைக் கண்டு வியந்திருக்கிறார்கள். மண்ணெண்ணெயை டிரான்ஸ்ஃபர் எழுத்துகளின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றும் இந்த வேலைக்கு வீட்டுக்குள்ளேயே வரக்கூடாதவை. கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு முளையான கோட்டர் பின் பிடித்துக்கொண்டால், அதைக் கழற்ற ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் கலந்த கலவை நன்றாக வேலை செய்யும் என்று சொல்வார்கள்; அது வழிந்து பெயிண்டில் பட்டால் நீங்கள் காப்பாற்ற நினைத்தது அங்கேயே போய்விடும். சாதாரண ஊடுருவும் எண்ணெயைச் சில நாட்கள் தொடர்ந்து விட்டு, சுத்தியலால் அடிக்காமல் கோட்டர் பின்னை அழுத்தி எடுக்கும் கருவியால் கழற்றுவதே நல்லது.

எந்தத் திரவமானாலும் முதலில் மட்கார்டின் உள்பக்கத்திலும் செயின் கவரின் உட்புறத்திலும் சோதித்துப் பாருங்கள். அதே பெயிண்ட்தான் அங்கும் இருக்கிறது, யார் கண்ணிலும் படாது. காது குடையும் பஞ்சுக்குச்சியைத் திரவத்தில் நனைத்து, அரை நிமிடம் உருட்டி, பஞ்சின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பு வந்தால் துரு. கறுப்பு வந்தால் பெயிண்ட் கரைகிறது என்று பொருள்.

இனி முதல் வகை, அதாவது பெயிண்டின் மேல் படிந்த கறை. இதற்கு ஆக்சாலிக் ஆசிட் போல் நல்லது வேறில்லை. மார்பிள் பாலிஷ் போடுபவர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளைத் தூள்தான். கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் போதும். இது துருவில் உள்ள இரும்பைப் பிடித்துக் கரையும் சேர்மமாக மாற்றி நீரில் இழுத்துக்கொள்கிறது. எனாமலோடு அதற்கு அதிகம் பகை இல்லை. பஞ்சில் நனைத்துக் கறையின் மேல் 5 நிமிடம் வைத்து, சுத்தமான நீரால் துடைத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் மறுபடி வையுங்கள். அருகில் பொன்னிறக் கோடோ எழுத்தோ இருந்தால், அவற்றின் மேல் முன்கூட்டியே பெட்ரோலியம் ஜெல்லியைக் கனமாகத் தடவிவிட வேண்டும். ஆசிட் அதைத் தாண்டிப் போகாது.

ஆக்சாலிக் ஆசிட் விஷயத்தில் நம் ஊரில் பலரும் கவனிக்காமல் கெடுத்துக்கொள்ளும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று தண்ணீர். போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு ஆக்சாலிக் ஆசிட் சேர்ந்தால் கால்சியம் ஆக்சலேட் என்ற வெண்படிவம் உண்டாகும். அது நீரில் கரையாது. கறுப்பு பெயிண்டின் மேல் படிந்தால் சாம்பல் பூத்தது போல் நிற்கும், பிறகு எடுப்பது பெரும்பாடு. எனவே கரைசலுக்கும் முதல் அலசலுக்கும் ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ வேண்டும். இரண்டாவது வெளிச்சம். இரும்பும் ஆக்சலேட்டும் சேர்ந்த கரைசல் வெயிலில் சிதைந்து, மஞ்சள் நிற வண்டலாகப் பாகத்தின் மேல் இறங்கும். பலர் ஆசிட் பெயிண்டை மஞ்சளாக்கிவிட்டது என்று நினைப்பது இதைத்தான். வேலையை நிழலில் செய்யுங்கள். தொட்டியில் ஊறவைத்தால் மூடி வையுங்கள். மஞ்சள் படிந்துவிட்டால் காயும் முன் மென்மையான பிரஷால் தேய்த்து அலசுங்கள். ஆக்சாலிக் ஆசிட் உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம் என்பதையும் மறக்க வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தூளைக் கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சமையல் பாத்திரமும் அலுமினியப் பாத்திரமும் கூடாது, பிளாஸ்டிக் பேசின் போதும். மிச்சக் கரைசலில் சுண்ணாம்பு கரைத்து விட்டால் ஆக்சலேட் வண்டலாகக் கீழே இறங்கிவிடும். அதை மாடும் நாயும் அண்டாத இடத்தில் புதைத்துவிடலாம்.

இரண்டாம் வகையான புள்ளித் துருவுக்குத் திரவத்தை ஓடவிடாமல் நிறுத்த வேண்டும். டிஷ்யூ பேப்பரைப் புள்ளியின் அளவுக்குக் கிழித்து, கரைசலில் நனைத்து, மெல்லிய குறட்டால் எடுத்து அந்தப் புள்ளியின் மேல் மட்டும் வைத்து, காய்ந்துவிடாமல் ஒரு துண்டுப் பாலிதீனால் மூடுங்கள். அருங்காட்சியகங்களில் உலோகப் பொருட்களுக்குச் செய்யும் பற்றுப் போடும் முறையும் இதே கொள்கைதான். 15, 20 நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் பேப்பர் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறியிருக்கும். மூங்கில் பல்குச்சியின் நுனியால் புள்ளியின் நடுவிலிருந்து தொடங்கிச் சுழற்றுங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வராதீர்கள், வந்தால் குச்சி பெயிண்டின் விளிம்புக்கு அடியில் நுழையும். இரண்டு மூன்று முறை பற்றுப் போட்டபின் குழியின் அடியில் சாம்பல் நிற இரும்பு தெரியும், விளிம்பை ஒட்டி முடி அகலத்துக்கு ஒரு பழுப்பு வளையம் மிஞ்சும். அந்த வளையத்தோடு நிறுத்திவிடுங்கள். அதையும் எடுக்க முயன்றால், வளையம் பெரிதாகிக்கொண்டே போகும், ஏனெனில் அது பெயிண்டுக்கு அடியில் தொடர்கிறது.

பித்தளைப் பிரஷ், செப்பு நாணயம், பூஜ்ஜிய நம்பர் ஸ்டீல் வூல் ஆகியவற்றை எண்ணெய் விட்டுத் தேய்ப்பது பலரும் சொல்லும் வழி. பித்தளை இரும்பைக் கீறாது என்பது உண்மை. ஆனால் அது பெயிண்டைக் கீறும். புள்ளி பெரிதாக இருந்து, சுற்றிலும் டேப் ஒட்டிப் பெயிண்டை மறைத்துக்கொள்ள முடிந்தால் மட்டும் இவற்றை எடுங்கள். ஒட்டும் டேப்பும் மென்பசை உள்ள மாஸ்கிங் டேப்பாக இருக்க வேண்டும், எழுத்தின் மேல் எந்த டேப்பும் ஒட்டவே கூடாது.

மூன்றாம் வகையில், நீங்கள் வட்டம் போட்ட இடங்களில், துருவை எடுக்க முயலாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஆசிட் உள்ளே நுழைந்தால் துரு கரையும், பெயிண்ட் ஆதாரம் இழந்து மூடியாக நிற்கும், அடுத்த துடைப்பில் உதிரும். உள்ளே போன ஆசிடைக் கழுவி எடுக்கவும் வழியில்லை. இங்கே செய்ய வேண்டியது ஈரமும் காற்றும் உள்ளே போகாமல் அடைப்பது. ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து, கை பொறுக்கும் அளவுக்கு அந்த இடத்தைச் சூடாக்கி, ஈரம் போனபின் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகையோ உராய்வுத் தூள் இல்லாத கார்னோபா மெழுகையோ விளிம்பில் வைத்தால், இளகி உள்ளே இறங்கும். ஆறியபின் மேலே வழிந்ததைத் துடைத்துவிடலாம். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைப் பூசும் பழக்கமும் உண்டு, நன்றாகவே பிடிக்கும். ஆனால் அது காய்ந்து மஞ்சள் படலமாக இறுகிவிட்டால் பின்னால் எடுக்க முடியாது. மெழுகை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிட்டு வேறு வழி பார்க்கலாம் என்பதால் நான் மெழுகைத்தான் சொல்வேன்.

பிரேமையும் மட்கார்டையும் முழுதாக ஆக்சாலிக் தொட்டியில் ஒரு நாள் ஊறவைப்பவர்கள் வெளிநாடுகளில் நிறைய இருக்கிறார்கள். படங்களில் விளைவு அழகாகத்தான் இருக்கும். கெட்டியான எனாமல், அடியில் துரு பரவாத பாகம், எழுத்தும் கோடும் இல்லாத பகுதி என்றால் அது சரிப்படும். உங்கள் வண்டிக்கு நான் சொல்லமாட்டேன். கடற்கரை ஊர்களில் இருந்த வண்டிகளில் உப்புக்காற்றால் துரு பெயிண்டுக்கு அடியில் வெகுதூரம் போயிருக்கும். வெளியே தெரிவது அதன் ஒரு பகுதிதான். பிரேமை நனைக்கவே நேர்ந்தால், சீட் குழாயிலும் கிராங்க் உருளையிலும் தேங்கும் நீரைக் கவிழ்த்து வடித்து, உள்ளே மெஷின் ஆயில் விட்டுச் சுழற்றுங்கள். பிரேம்கள் உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுவது இந்த இரண்டு இடங்களில்தான் அதிகம்.

ஹேண்டில்பார், ரிம், பிரேக் கம்பிகள் ஆகியவை குரோம் பூசியவை. குரோம் என்பது நிக்கல் படிவத்தின் மேல் இருக்கும் மிக மெல்லிய தோல். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஈரம் இறங்கி, அடியிலுள்ள இரும்பு துருப்பிடித்து வெளியே புள்ளியாகப் பூக்கிறது. சமையலறை அலுமினியத் தாளை உருட்டி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்த்தால் புள்ளிகளின் தலை போய்விடும். சாம்பலும் பழுப்புமான குழம்பு வரும், அதை உடனே துடைத்துவிட வேண்டும். குரோமைவிட அலுமினியம் மிக மென்மையானது என்பதால் கீறல் விழாது. குரோம் உரிந்து செதிலாக நிற்கும் இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், செதில் விரலைக் கிழிக்கும், தானும் உரியும். ரிம்மில் ஸ்போக்ஸ் நிப்பிள்களைச் சுற்றி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு இது பொருந்தாது என்றாலும் ஒரு வார்த்தை: 1920களின் வண்டிகளில் பளபளப்பது குரோமாக இருக்காது, நிக்கலாக இருக்கும், சற்று மஞ்சள் சாயலோடு தெரியும். நிக்கல் மென்மையானது, அதற்குத் துணியும் மெட்டல் பாலிஷும் தவிர எதுவும் கூடாது.

பெயிண்ட் இல்லாத சில்லறைப் பாகங்களை ஊறவைப்பதில் தவறில்லை. பெடல் அச்சு, ஸ்டாண்ட், கேரியர் கிளிப் போன்றவற்றுக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, அதில் சுமார் 50 கிராம் நீரற்ற சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நுரைத்துப் பொங்கும், பெரிய வாளியாக இருக்கட்டும். சோடா சேர்ப்பதால் அமிலத்தின் கடுமை குறைந்து, இரும்பை அரிக்காமல் துருவை மட்டும் பிடிக்கும் தன்மை கூடுகிறது. துத்தநாகம் பூசிய நட்டு போல்ட்டுகளை இதில் போடாதீர்கள், பூச்சு போய்விடும். சீட் ஸ்பிரிங்கையும் ஹப்பின் பால்ரஸ்களையும் எந்த ஆசிடிலும் போடக் கூடாது. கடினமாக்கிய எஃகு ஹைட்ரஜனை உள்வாங்கி, ஒரு நாள் சொல்லாமல் முறியும். ஸ்பிரிங்குக்கு எண்ணெயும் துணியும் மட்டும்.

நம் வீடுகளில் சட்டென்று கைக்கு வரும் சில பொருட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலுமிச்சையும் உப்பும், புளியும் உப்பும் பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லவை. இரும்புக்கு அந்த உப்பு எதிரி. எவ்வளவு அலசினாலும் துளைகளில் உப்பு தங்கி, சில வாரங்களில் முன்பைவிட வேகமாகத் துரு கிளம்பும். கழிப்பறை கழுவும் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது குரோமைக் கரைக்கும், அதன் ஆவியே அறையில் இருக்கும் மற்ற இரும்புப் பொருட்களைத் துருப்பிடிக்கச் செய்யும். பேட்டரி சார்ஜரையும் சலவை சோடாவையும் வைத்து மின்பகுப்பு முறையில் துரு எடுப்பது பெயிண்ட் இல்லாத இரும்புக்கு அருமையான வழி, ஆனால் பெயிண்ட் உள்ள பாகத்தை அதில் போட்டால் காரமும் எழும் வாயுவும் சேர்ந்து பெயிண்டைத் தூக்கிவிடும். அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை மின்வாயாக வைப்பவர்களும் உண்டு. அது நச்சான குரோமியச் சேர்மத்தைத் தண்ணீரில் விடும், எந்தப் பாகத்துக்கும் அதைச் செய்யாதீர்கள்.

ஆசிட் பட்ட எந்த இடத்தையும் நன்றாக அலசியபின், ஆப்ப சோடா கரைத்த நீரால் ஒருமுறை துடைத்து, மறுபடி அலசி, தாமதிக்காமல் உலர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் இந்த வேலையை எடுக்காதீர்கள். துரு நீங்கிய வெற்று இரும்பு அந்த ஈரக்காற்றில் கண் முன்னாலேயே ஆரஞ்சு நிறம் கொள்ளும். மாசி, பங்குனி உகந்த காலம்.

உலர்ந்தபின், புள்ளிகளின் குழியில் மிஞ்சிய துருவுக்கு டானிக் ஆசிட் வைப்பது கறுப்புச் சைக்கிளுக்கென்றே அமைந்த சிகிச்சை. டானின் இரும்போடு சேர்ந்தால் நீலக் கறுப்பான, நிலையான சேர்மமாகும். டானின் நிறைந்த கடுக்காயோடு இரும்புச் சேர்மமான அன்னபேதி சேர்த்து நம்மவர்கள் எழுதும் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். 5 சதவீதக் கரைசலைத் தண்ணீரில் தயாரித்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் குழிக்குள் மட்டும் வையுங்கள். பழுப்பு சில நிமிடங்களில் கருநீலமாக மாறுவதைப் பார்க்கலாம். காய்ந்தபின் இன்னும் இரண்டு முறை. சுற்றிலும் வழிந்ததை ஈரம் இருக்கும்போதே துடையுங்கள், பொன்னிறக் கோட்டில் பட்டால் கறையாகும். கடுக்காய்க் கஷாயத்தையே பூசலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நிறம் மாறும், ஆனால் கஷாயத்தில் டானினோடு சர்க்கரையும் சாயமும் வேறு பலவும் இருப்பதால், சுத்திகரித்த தூளை வாங்குவதே நல்லது. இந்த மாற்றத்துக்குப் பிறகு இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் புள்ளிகள் கறுப்போடு கறுப்பாகக் கலந்துவிடும். அதனால்தான் டப்பா எனாமலை எடுத்துப் புள்ளிகளைத் தொட்டு நிரப்பும் ஆசையை அடக்கிக்கொள்ளச் சொல்கிறேன். புதுப் பெயிண்டின் கறுப்பும் பழைய கறுப்பும் ஒருநாளும் ஒத்துப்போகாது, அதன் விளிம்பு எப்போதும் தனியாகத் தெரியும்.

பாலிஷ் பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. கார்களுக்கான ரப்பிங் காம்பவுண்டை எடுத்துத் தேய்த்தால் துணி கறுப்பாகும், தேய்ப்பவருக்கு அழுக்கு வருகிறது என்று மகிழ்ச்சியாக இருக்கும். அது அழுக்கு அல்ல, பெயிண்ட். இந்த எனாமலின் மேல் தனியாக ஒரு கிளியர் கோட், அதாவது நிறமற்ற மேல்பூச்சு, கிடையாது. பாலிஷ் எடுப்பதெல்லாம் கறுப்பையேதான். வெயிலில் மங்கிய மேல்தோலை எடுக்க, மிக மென்மையான பாலிஷால் ஒரே ஒரு முறை, அதுவும் தட்டையான இடங்களில் மட்டும். மட்கார்டின் நடுவரம்பிலும் குழாய் இணைப்புகளின் விளிம்பிலும் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாகவே இருக்கும். அங்கே பாலிஷ் வேண்டாம். கோடுகளின் மேலும் எழுத்துகளின் மேலும் எதையும் தேய்க்காமல், மென்மையான துணியில் மெழுகை எடுத்து ஒற்றி, ஒற்றியே எடுங்கள். முன்புறப் பித்தளை பேட்ஜை ரிவெட்டோடு அப்படியே விடுங்கள்.

அந்தக் காலப் பெயிண்டிலும் அடிப்பூச்சிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவது பெயிண்டுக்கும் கேடு, நுரையீரலுக்கும் கேடு. எல்லாவற்றையும் ஈரத்தோடும் எண்ணெயோடும் செய்யுங்கள். துடைத்த துணிகளைப் பையில் கட்டிப் போடுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் இந்த வேலை வேண்டாம்.

முடித்தபின் மொத்த வண்டிக்கும் மெல்லிய மெழுகுப் பூச்சு இரண்டு முறை போடுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் முதல் வாரம் பளபளக்கும். பிறகு நல்லெண்ணெய் பிசுபிசுத்துத் தூசியை இழுத்து ஒட்டவைக்கும், தேங்காய் எண்ணெய் சிக்கு அடித்து அமிலமாகும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதானால் மெழுகுப் பூச்சின் மேல் வைத்து, மறுநாளே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள், காய்ந்த சந்தனம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவைக்காதீர்கள், உள்ளே வேர்க்கும். பழைய பருத்தி வேட்டி போதும். உரமூட்டையும் உப்புமூட்டையும் இருக்கும் அறையில் நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நீங்கள் குறித்துவைத்த இடங்களைப் பாருங்கள்; மேடு வளர்ந்திருந்தால் அங்கே மட்டும் சூடாக்கி மெழுகு வையுங்கள், வளரவில்லை என்றால் தொடவேண்டாம்.